வாங்கிய படம் யாருக்குச் சொந்தம்?

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து என் மருமகன் வந்திருந்தான். என் தங்கையின் ஒரே மகன். கணினித் துறையில் வேலை செய்கிறான். வெள்ளவத்தையில் எனது சிறிய வீட்டின் முன்னறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டில் மினுக்கிக் கொண்டிருந்த கறுப்புப் பெட்டியைக் கண்டதும் அவனுக்கு ஒரே வியப்பு. எழுபதைத் தாண்டிய மாமன் வீட்டில் இப்படியொரு பொருளை அவன் எதிர்பார்க்கவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டான். நான் சேர்த்து வைத்த படங்கள் அத்தனையும் இருக்கின்றன என்றேன். எங்கிருந்து எடுத்தீர்கள் என்றான். இறுவட்டுகளிலிருந்து நானே பிரதி செய்து ஏற்றினேன் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னான்: "மாமா, கோபிக்காதையுங்கோ. இது களவெல்லோ?"

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் வேலை செய்தவன் நான். இந்தக் காலத்தில் என்னைப் பலர் பல பெயர்களால் அழைத்திருக்கிறார்கள். கள்ளன் என்று மட்டும் ஒருவரும் அழைத்ததில்லை. அவன் விளையாட்டாகத்தான் கேட்டான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு உரிய பதிலை அன்றிரவு என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் இந்தப் பெட்டி என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாக இதனை 'நாஸ்' என்பார்கள். வீட்டு வலையமைப்பில் இணைந்திருக்கும் ஒரு சேமிப்புப் பெட்டி, அவ்வளவுதான். உள்ளே இரண்டு வன்தட்டுகள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். இந்தப் பெட்டியை இணைய இணைப்புக் கருவியுடன் ஒரு வயரால் பொருத்திவிட்டால், வீட்டிலுள்ள தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, மடிக்கணினி எதிலிருந்தும் அதிலுள்ள படத்தைப் பார்க்கலாம். இறுவட்டைத் தேடி எடுத்து, துடைத்து, செருகி, ஓடுமோ ஓடாதோ என்று காத்திருக்க வேண்டியதில்லை. படம் இணையத்திலிருந்து வருவதும் இல்லை. எனது முன்னறையிலிருந்து எனது படுக்கையறைக்கு வருகிறது. இணையம் அறுந்து கிடக்கும் நாளிலும் அது ஓடும்.

என்னிடம் ஐந்நூறுக்கு மேற்பட்ட இறுவட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் காசு கொடுத்து வாங்கியது. லண்டனில் ஐங்கரன் வெளியிட்டவை, சென்னையில் மோசர் பேயர் வெளியிட்டவை, கொழும்பில் வாங்கிய சிங்களப் படங்கள், தங்கை கனடாவிலிருந்து அனுப்பிய ஆங்கிலப் படங்கள். ஒரு படம் சராசரியாக ஐந்து கிகாபைட் என்று கொண்டால் ஐந்நூறு படமும் இரண்டரை டெராபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒன்றைப் பிரதி செய்ய அரை மணி நேரத்திற்குக் கிட்டச் செல்லும். நாளொன்றுக்கு நான்கு, ஐந்து என்று நான்கு மாதம் இருந்து செய்தேன். ஓய்வு பெற்ற பத்திரிகையாளனுக்கு நேரத்திற்கா பஞ்சம்?

ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். இறுவட்டுகள் செத்துக் கொண்டிருந்தன. அதுதான் காரணம். இறுவட்டு சாகாது என்று விற்கும் போது சொன்னார்கள். அது வெறும் விளம்பரம். டிவிடி என்பது ஒட்டப்பட்ட இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். நடுவிலே மெல்லிய உலோகப் பூச்சு. ஒட்டு தளர்ந்து காற்றும் ஈரமும் உட்புகுந்தால் பூச்சு அரித்துப் போகும். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் வீட்டில் உப்புக் காற்று எதைத்தான் விட்டு வைத்தது? கணினியில் எழுதப்படும் இறுவட்டுகளின் நிலை இன்னும் மோசம். அவற்றில் இருப்பது சாயப் பூச்சு. வெயிலும் வெப்பமும் பட்டால் அது நிறம் மாறிப் படிக்க முடியாமல் போகும். என் சேகரிப்பில் முப்பது, நாற்பது தட்டுகளைப் பிரதி செய்ய முற்பட்ட போதே அவை பாதியில் நின்றுவிட்டன. இன்னும் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தால் நூறு போயிருக்கும்.

அப்படிப் போன தட்டுக்குப் பதில் தட்டை யாரிடம் கேட்பது? மோசர் பேயர் 2007ஆம் ஆண்டு வீட்டுப் படச் சந்தைக்குள் வந்து, விசிடியை 28 ரூபாவுக்கும் டிவிடியை 34 ரூபாவுக்கும் விற்றது. களவுத் தட்டின் விலைக்கே நல்ல தட்டு. சனம் அள்ளி வாங்கியது. நியாயமான விலைக்குக் கொடுத்தால் மக்கள் களவெடுக்க மாட்டார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த நிறுவனம் கடனில் மூழ்கி, 2018இல் கலைப்பு நடவடிக்கைக்குள் போய்விட்டது. அவர்கள் விற்ற தட்டுகள் இலட்சக்கணக்கான வீடுகளில் இருக்கின்றன. அவற்றைப் பழுதாக விடுவதா, பிரதி எடுத்துக் காப்பாற்றுவதா என்பது வாங்கியவனின் பொறுப்பு ஆகிவிட்டது. பொறுப்பு அவனுடையது என்றால் உரிமையும் அவனுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

இங்குதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. சட்டத்தை விளங்காமல் வாதிடுவது பத்திரிகையாளனுக்கு அழகல்ல. ஆகவே பார்ப்போம்.

வர்த்தக டிவிடியிலே 'சிஎஸ்எஸ்' என்ற பெயரில் ஒரு பூட்டு உண்டு. பழைய விசிடியில் அது இல்லை. 1996ஆம் ஆண்டளவில் புகுத்தப்பட்ட இந்தப் பூட்டு வெறும் 40 பிற் சாவியைக் கொண்டது. 1999இல் அதனைத் திறக்கும் சிறு நிரல் ஒன்று வெளியாயிற்று. அதனோடு தொடர்புபட்டவர் நோர்வேயைச் சேர்ந்த யோன் லெக் யொஹான்சன் என்ற பதினைந்து வயதுப் பையன். அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரச தரப்பு மேன்முறையீடு செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. தான் வாங்கிய தட்டைத் தான் பார்ப்பது குற்றமல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு சிறிய நாட்டின் நீதிமன்றத்துக்கு விளங்கிய விடயம் பெரிய நாடுகளுக்கு விளங்கவில்லை.

அமெரிக்காவில் 1998இல் கொண்டு வரப்பட்ட சட்டம், பூட்டைத் திறப்பதையே தனிக் குற்றமாக்கிற்று. எதற்காகத் திறந்தாய் என்ற கேள்விக்கு அங்கு பெரும்பாலும் இடமில்லை. ரியல்நெற்வேர்க்ஸ் நிறுவனம், வாங்கிய டிவிடியைக் கணினியில் சேமிக்க உதவும் மென்பொருளை வெளியிட்டது. பூட்டை உடைக்காமல், பூட்டோடு சேர்த்தே பிரதி எடுக்கும் மென்பொருள் அது. ஹொலிவூட் வழக்குப் போட்டது. 2009இல் நீதிபதி மரிலின் ஹோல் பட்டேல் அதன் விற்பனைக்குத் தடை விதித்தார். கலைடஸ்கேப் என்ற நிறுவனம் செல்வந்தர் வீடுகளுக்கான படச் சேமிப்புக் கருவியைச் செய்தது. என் அலுமாரியில் இருக்கும் பெட்டியின் பணக்கார அண்ணன் என்று அதனைச் சொல்லலாம். 2004இல் தொடங்கிய வழக்கு பத்து ஆண்டுகள் இழுபட்டு 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது. அந்தக் கருவியை வாங்கியவர்கள் தெருவோரத்தில் களவுத் தட்டு விற்பவர்களா? இல்லை. நூற்றுக்கணக்கில் தட்டு வாங்கும் மிகச் சிறந்த வாடிக்கையாளர்கள். அவர்களைத்தான் எதிரிகளாக நடத்தினார்கள்.

கனடாவின் கதை இன்னும் வேடிக்கை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், சட்டப்படி பெற்ற பொருளைத் தனிப்பட்ட பாவனைக்குப் பிரதி செய்யலாம் என்று ஒரு கையால் கொடுத்தது. பூட்டை உடைக்காமல் செய்ய வேண்டும் என்று மறு கையால் எடுத்துக் கொண்டது. வர்த்தக டிவிடிகள் பெரும்பாலும் பூட்டுடனேயே வருகின்றன. அப்படியானால் கொடுத்தது என்ன? வீட்டுக்குள் போகலாம், கதவைத் திறக்கக் கூடாது என்பது போன்ற சலுகை. பிரித்தானியா 2014 ஒக்ரோபரில் தனிப்பட்ட பிரதிக்கு அனுமதி அளித்தது. 2015 ஜூலையில் இசைத்துறையினர் தொடுத்த வழக்கில் அந்த அனுமதி நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. ஒன்பது மாதம் சட்டபூர்வமாக இருந்த ஒரு செயல் பத்தாவது மாதம் சட்டவிரோதம் ஆயிற்று. அதே மனிதன், அதே தட்டு, அதே வீடு. ஒழுக்கம் இப்படி மாதத்துக்கு மாதம் மாறுமா?

எமது பக்கத்தைப் பார்ப்போம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பாவனைக்கான நியாயமான கையாளலை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த ஒரு சொல்லில்தான் நியாயம் இருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், சட்டப்படியான பிரதியொன்றிலிருந்து ஒரு தனிமனிதர் தமது சொந்தத் தேவைக்காக ஒரேயொரு பிரதி எடுப்பதை, அந்தப் படைப்பின் வழக்கமான வணிகத்துக்குக் குந்தகம் வராத வரையில், அனுமதிக்கிறது. ஆக, ரொறன்ரோவில் என் மருமகன் செய்தால் சட்ட மீறல். அதே தட்டை வைத்து கொழும்பிலே நான் செய்தால் வாதிட இடமுண்டு. களவு என்பது கடல் தாண்டினால் களவு இல்லாமல் போகும் ஒன்றா? கொலை அப்படி மாறுவதில்லை. கொள்ளையும் மாறுவதில்லை. மாறுவது வியாபாரிகளின் செல்வாக்கு மட்டுமே.

செல்வாக்கு என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. 1982இல் ஹொலிவூட் தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவர் ஜாக் வலன்ரி அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் தோன்றி, வீட்டு ஒளிநாடாப் பதிவுக் கருவியைத் தனியே வீட்டிலிருக்கும் பெண்ணைத் தேடி வரும் கொலைகாரனுக்கு ஒப்பிட்டார். அந்தக் கருவி சினிமாவைக் கொன்றுவிடும் என்பது அவர் வாதம். 1984 ஜனவரியில் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கருவியின் பக்கம் தீர்ப்பளித்தது. நடந்தது என்ன? சில ஆண்டுகளிலேயே ஹொலிவூட்டுக்கு வீட்டு ஒளிநாடாவிலிருந்து கிடைத்த வருமானம் திரையரங்கு வருமானத்தை முந்திற்று. கொலைகாரன் என்று தூற்றப்பட்டவன்தான் அவர்களுக்குச் சோறு போட்டான். ஒரேயொரு வாக்கு மாறியிருந்தால் அவர்களே தங்கள் கண்ணைக் குத்திக் கொண்டிருப்பார்கள். இன்று எனது பெட்டியைப் பற்றிச் சொல்லப்படுவதைக் கேட்கும் போது அதே குரல்தான் கேட்கிறது.

"ஏன் மாமா இந்தக் கஷ்டம்? மாதம் கொஞ்சம் காசு கட்டினால் எல்லாம் இணையத்திலேயே இருக்கே" என்றும் என் மருமகன் சொன்னான். இது இன்னொரு மயக்கம். இதை உடைக்காமல் விட முடியாது.

மாதக் கட்டணத்தில் பார்ப்பது வாடகை. வாடகை வீட்டில் இருக்கலாம். ஆனால் அதனைச் சொந்த வீடு என்று நினைப்பது மடைமை. இன்று இருக்கும் படம் நாளை ஒப்பந்தம் முடிந்ததும் மறையும். தாமே எடுத்த தொடர்களைக்கூட 2023இல் டிஸ்னி தனது தளத்திலிருந்து நீக்கியதே. வாடகைதான் அப்படி, காசு கொடுத்து 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தினால் எனதாகுமா? அதுவும் இல்லை. 2009இல் அமேசன் நிறுவனம், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜோர்ஜ் ஓர்வெல்லின் நூல்களை, உரிமைச் சிக்கல் என்று சொல்லி, அவர்களுடைய கருவிகளிலிருந்தே அழித்தது. அழிக்கப்பட்ட நூல்களில் ஒன்று '1984' என்பது விதியின் நக்கல். ஹொலிவூட் நிறுவனங்கள் பல சேர்ந்து நடத்திய 'அல்ட்ராவயலற்' என்ற டிஜிற்றல் படப் பெட்டகம் 2019 ஜூலையோடு மூடப்பட்டது. 2022இல் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் சொனியின் பிளேஸ்ரேசன் கடையில் வாங்கப்பட்ட ஸ்ரூடியோ கனால் படங்கள் வாங்கியவர்களுடைய நூலகங்களிலிருந்து நீக்கப்பட்டன. கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றி, 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. கொடுப்பது வெறும் அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. ஒரு சொல்லைத் திருத்தவே ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது என்றால் அந்தச் சொல்லைக் கொண்டு எத்தனை பேரை ஏமாற்றியிருப்பார்கள்!

எனக்கும் நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய தமிழ்ப் படத்தை இணையக் கடையொன்றில் காசு கொடுத்து வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். இரண்டு முறை பார்த்தேன். மூன்றாம் முறை தேடியபோது படம் இல்லை. கடிதம் எழுதினேன். உங்கள் பிரதேசத்தில் இந்த உள்ளடக்கம் கிடைக்காது என்று ஒரு வரிப் பதில் வந்தது. காசு கிடைத்த பிரதேசமும் இதே பிரதேசம்தான். அதை எழுதியும் பதில் இல்லை. இப்போது சொல்லுங்கள், இதிலே யார் கள்ளன்? என்னுடைய தட்டை நான் பிரதி எடுத்தால் எவனுக்கும் ஒரு சதம் நட்டமில்லை. எனக்கு விற்றதை என்னிடமிருந்து எடுத்துச் சென்றவனுக்கோ 'சேவை வழங்குநர்' என்ற மரியாதைப் பெயர்.

பிரதேசம் என்ற சொல்லின் பின்னால் இன்னொரு கொடுமை. தங்கை கனடாவில் வாங்கி அனுப்பிய ஆங்கிலப் படங்கள் இங்கு வாங்கிய கருவியில் ஓடவில்லை. உலகத்தை வலயங்களாகப் பிரித்து, கனடாவுக்கு 1, பிரித்தானியாவுக்கு 2, எமக்கு 5 என்று இலக்கமிட்டிருந்தார்கள். உலகெங்கும் சிதறிப்போன ஒரு சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமில்லாத பூட்டு இருக்க முடியுமா? அண்ணன் கொழும்பில், தங்கை ரொறன்ரோவில், மைத்துனன் பாரிஸில். ஒருவர் வாங்கிய படத்தை மற்றவருக்குப் பரிசாகக் கொடுக்க முடியாது. நாடுகள் போட்ட எல்லைகளைக் கடந்து வந்த எம்மை வியாபாரிகள் போட்ட எல்லைகள் மறித்தன.

நான் இவ்வளவு சூடாக எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிரதி இல்லாத பொருளுக்கு என்ன நடக்கும் என்பதை எனது தலைமுறை கண்ணால் கண்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் அடங்கும். 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிந்தது. இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் மூலச் சுருள்கள் அந்தக் கலவரத்தோடு போயின. 'சமுதாயம்', 'தோட்டக்காரி' என்று 1960களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, 'குத்துவிளக்கு', 'பொன்மணி', 'வாடைக்காற்று' என்று வளர்ந்த ஈழத்துச் சினிமாவின் வரலாற்றை இன்று எழுத முனைபவர்கள் படங்களைப் பாராமல், பத்திரிகை நறுக்குகளைக் கொண்டே பெரும்பகுதியை எழுத வேண்டியிருக்கிறது. எரித்தவர்களைப் பற்றி வேறு இடத்தில் எழுதியிருக்கிறேன். இங்கு சொல்வது இதுதான்: அந்தப் படங்களின் பிரதிகள் நூறு வீடுகளில் இருந்திருந்தால் எந்தத் தீயும் அவற்றைத் தின்றிருக்க முடியாது.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தமிழின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' இன்று இல்லை. 1931இல் வந்த முதல் பேசும் படமான 'காளிதாஸ்' இல்லை. பூனாவில் 2003 ஜனவரியில் மூண்ட தீயில், பாதுகாத்து வைத்திருந்த பழைய நைத்திரேற்றுச் சுருள்கள் எரிந்து போயின. அரசாங்கக் காப்பகமும் எரியும். தயாரிப்பாளரின் கிட்டங்கியும் எரியும். ஒரே இடத்தில் வைப்பது பாதுகாப்பே அல்ல.

எமது முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. பனையோலை சில நூறு ஆண்டு நிற்கும், பிறகு செல்லரிக்கும். ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினார்கள். வீட்டுக்கு வீடு, மடத்துக்கு மடம் பிரதி போயிற்று. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்ற முடிந்ததற்குக் காரணம், பெயர் தெரியாத பலர் தலைமுறை தலைமுறையாக அதனைப் பிரதி செய்து வைத்திருந்ததுதான். பூட்டுப் போட்ட ஏடாக இருந்திருந்தால் சங்க இலக்கியம் என்ற ஒன்றை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம்.

உடனே ஒருவர் எழுந்து, "அந்தக் காலத்தில் புலவனுக்கு உரிமைப் பணம் கிடையாது, இன்று படம் எடுப்பவன் கோடிக்கணக்கில் முதல் போடுகிறான்" என்று சொல்வார். சரியான கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பதில் எம்மவர் பலருக்கு உவப்பாக இராது.

எனது வாதம் வாங்கியவனுக்கானது. வாங்காதவனுக்கானது அல்ல. புலம்பெயர்ந்த நாடுகளில் எமது கடைகள் என்ன விற்றன என்பதை நாம் மறந்துவிட வேண்டாம். மரக்கறிக்கும் மீனுக்கும் பக்கத்தில், திரையரங்கில் கமராவால் களவாகப் பிடித்த படம், படம் வெளியாகி மூன்றாம் நாளே, ஒரு தட்டில் மூன்று படமாக விற்கப்பட்டது. முன்னே எழுந்து போனவரின் தலைகூட அதில் தெரியும். வாங்கியவர்கள் நாம்தான். பிறகு இணையம் வந்தது, தட்டுக் கடைக்காரனின் வேலையை இணையத்தளங்கள் எடுத்துக் கொண்டன. படம் வந்த அன்றே தரவிறக்கிப் பார்த்துவிட்டு, ஈழத்துக் கலைஞன் தன் சொந்தக் காசைப் போட்டு எடுத்த குறும்படத்தைக்கூட இலவசமாகக் கேட்கும் கூட்டம் எம்மிடையே இருக்கிறது. அவர்கள் வீட்டிலும் இதே கறுப்புப் பெட்டி இருக்கலாம். பெட்டி ஒன்றுதான். ஆனால் உள்ளே இருப்பது வேறு. அவர்களைக் காட்டித்தான் பெரிய நிறுவனங்கள் என் போன்றவனின் கையையும் கட்டுகின்றன. ஆகவே அவர்கள் மீது எனக்கு உள்ள கோபம் ஹொலிவூட்டின் மீதுள்ள கோபத்துக்குக் குறைந்ததல்ல.

நான் எனக்கென்று வைத்திருக்கும் விதிகள் மூன்று. காசு கொடுத்து வாங்காத படம் பெட்டிக்குள் போவதில்லை. பெட்டியிலிருந்து படம் வீட்டுக்கு வெளியே போவதில்லை. தட்டை விற்றாலோ பிறருக்குக் கொடுத்தாலோ பெட்டியிலுள்ள பிரதியை அழித்துவிட வேண்டும். மூல நூலை விற்றுவிட்டு நிழற்பிரதியை வைத்துக் கொள்வது நேர்மையல்ல. இந்த மூன்று விதியையும் மீறாதவனைச் சட்டம் தொடக் கூடாது என்பதே என் கோரிக்கை. இது அளவுக்கு மீறிய ஆசையா?

பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வன்தட்டு இருப்பதால் எல்லாம் பத்திரம் என்று நம்பி விடாதீர்கள். ஒன்றில் தவறுதலாக அழித்தால் மற்றதிலும் அதே கணம் அழியும். மின்னல் அடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். தனியாக ஒரு வன்தட்டில் இன்னொரு பிரதி எடுத்து, வயரைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். பெட்டியை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். 2021 ஜூனில் வெஸ்ரேர்ண் டிஜிற்றல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' பெட்டிகள் உலகெங்கும் இணையம் வழியாகத் தாக்கப்பட்டு, பலருடைய சேமிப்பு ஒரே இரவில் அழிந்தது. 2022இல் கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்த விசமிகள் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டார்கள். வீட்டுக்குள் பார்க்க வைத்த பொருள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். சேமிப்பது மட்டும் போதாது. காவலும் வேண்டும்.

மருமகன் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, "அம்மா அனுப்பின தட்டுகள் இருக்கோ?" என்று கேட்டான். அவனுடைய தாய், என் தங்கை, காலமாகி இரண்டு வருடமாகிறது. அவள் கடைசியாக அனுப்பிய பொதியில் 'முள்ளும் மலரும்' இருந்தது. மகேந்திரனின் படம், 1978இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் அவளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்த படம். அண்ணன், தங்கை கதை என்பதால் வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். தட்டின் உறையில் 'அண்ணாவுக்கு' என்று தன் கையால் எழுதியிருந்தாள்.

தட்டை எடுத்துக் கொடுத்தேன். பார்க்க வேண்டும் என்றான். கருவியில் செருகினோம். சுற்றிச் சுற்றி நின்றது. துடைத்துப் பார்த்தோம், ஓடவில்லை. ஓரத்திலிருந்து அரிப்பு உள்ளே வந்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பிரதி எடுத்தபோது நன்றாக ஓடிய தட்டு அது. நான் எழுந்து பெட்டியைப் போட்டேன். படம் தொடங்கிற்று. இருவரும் விடியப்புறம் ஒரு மணி வரை பார்த்தோம்.

படம் முடிந்ததும் அவன் களவு என்ற சொல்லைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. உறையை மட்டும் தான் கொண்டு போகலாமா என்று கேட்டான். கொடுத்தேன். தட்டும் உறையுமாக அது அவனுக்குத்தான் சேர வேண்டியது. என் மூன்றாவது விதியின்படி பெட்டியில் இருக்கும் பிரதியை நான் அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. ஓடாத தட்டுக்கு ஓடும் பிரதியை அழி என்று சொல்லும் விதியை, நானே எழுதியதானாலும், நான் ஏற்கத் தயாரில்லை. சட்டம் எழுதுபவர்களும் தம் விதிகளை ஒருமுறை இப்படித் திருப்பிப் பார்த்தால் நல்லது.